செடிகொடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

இந்தச் சந்தேகங்களில் பாதிக்கு மேல் பிறப்பது ஒரே இடத்தில்: நம் உடம்பை அளவுகோலாக வைத்துச் செடியை அளக்கிறோம். வாய் எது, இதயம் எது, எப்படி மூச்சு விடுகிறது என்று தேடுகிறோம். செடியால் இடம் பெயர முடியாது. நின்ற இடத்திலேயே உணவு ஆக்கி, எதிரியைத் தாங்கி, துணை தேடி, பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். அதன் உடல் அமைப்பு முழுவதும் இந்த ஒரு நிலையிலிருந்து வந்தது.

செடி மண்ணைத்தானே சாப்பிட்டு வளருது?

இல்லை. இதை முதலில் எடைபோட்டுப் பார்த்தவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட். ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு, 1648இல் வெளியான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி காற்றில் இருக்கிறது. காய்ந்த மரக்கட்டையின் எடையில் பெரும்பங்கு கார்பனும் ஆக்சிஜனும். இரண்டும் காற்றில் வெறும் 0.04 சதவீதம் அளவே உள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தவை. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. மண் தருவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாதுக்களை. எடையில் அவை சில சதவீதம்தான், ஆனால் அவை இல்லாமல் புரதமும் இல்லை, பச்சையமும் இல்லை. ஆகவே உரம் என்பது செடிக்கு உணவு அல்ல. உணவை ஆக்கத் தேவையான தாதுக்களையே அது தருகிறது.

அப்போ இலைக்குள்ள என்னதான் நடக்குது?

இலைச் செல்களுக்குள் இருக்கும் பசுங்கணிகங்கள் சூரிய ஒளியைப் பிடித்து, அந்த ஆற்றலால் தண்ணீர் மூலக்கூறைப் பிளக்கின்றன. ஆக்சிஜன் வெளியேறுகிறது. கிடைத்த ஆற்றலைக் கொண்டு, இலைத்துளை வழியாக வந்த கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாற்றப்படுகிறது. உடனே தேவைப்படாதது மாவுச்சத்தாகச் சேமிக்கப்படும். மற்ற உறுப்புகளுக்குப் போக வேண்டியது சுக்ரோஸாகப் பயணப்படும்.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரிலிருந்து வந்தது. எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்து ரூபனும் கேமனும் 1941இல் இதைக் காட்டினார்கள்.

இலை ஏன் பச்சையா இருக்கு? சிவப்பு இலைச் செடி எப்படிப் பிழைக்குது?

பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் நன்றாக உறிஞ்சும்; பச்சை ஒளியில் கணிசமான பகுதியைத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பி வந்த ஒளிதான் நம் கண்ணில் படுகிறது. சிவப்பு, ஊதா இலைகளிலும் பச்சையம் உண்டு. ஆந்தோசயனின் போன்ற வேறு நிறமிகள் அதை நம் கண்ணுக்கு மறைக்கின்றன, அவ்வளவே.

ராத்திரி மரத்தடியில படுத்தா ஆக்சிஜன் குறைஞ்சுடும்னு சொல்றாங்களே?

செடி இரவில் மட்டும் சுவாசிப்பதில்லை, பகலிலும் சுவாசிக்கிறது. வேர், தண்டு, இலை எல்லாவற்றிலும் உள்ள உயிருள்ள செல்கள் எந்நேரமும் ஆக்சிஜனை எடுத்து, சர்க்கரையை உடைத்து, கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால், மொத்தக் கணக்கில் ஆக்சிஜன் வெளியேறுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுவதால் சுவாசம் மட்டும் தெரிகிறது.

அந்த இரவுச் சுவாசம் மிகச் சிறிய அளவு. திறந்த வெளியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய அறையில்கூட ஒரு தொட்டிச் செடியைவிடப் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் பல மடங்கு கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். மரத்தடியில் படுப்பவர் ஆக்சிஜனை நினைத்துப் பயப்பட வேண்டாம். பட்டுப்போன கிளை விழுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அவ்வளவு உயரத்துக்குத் தண்ணியை யார் ஏத்துறது? மரத்துக்கு இதயம் மாதிரி ஏதாவது இருக்கா?

இல்லை. இவ்வளவு பெரிய வேலையை அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் மரம் செய்துவிடுகிறது. உலகின் மிக உயரமான மரம் கலிபோர்னியாவில் உள்ள ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம். 2006இல் கண்டறியப்பட்டது, உயரம் 115 மீட்டருக்கு மேல். தரையிலிருந்து உறிஞ்சி இழுக்கும் பம்பு எதுவும் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது, காற்றழுத்தம் அவ்வளவுதான் தாங்கும். அப்படியானால் மரம் எப்படி ஏற்றுகிறது?

தண்ணீரை ஏற்றிச் செல்லும் சைலம் குழாய்கள் வேலை செய்யத் தொடங்கும்போது இறந்துவிட்டவை. செல்லின் உள்ளே இருந்தது எல்லாம் கரைந்து, உறுதியான சுவர் மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேர் முதல் இலை வரை அறுபடாத கம்பியாக நிற்கின்றன. இலையில் வெயில் பட்டுத் தண்ணீர் ஆவியாகும்போது அந்தக் கம்பி முழுவதும் மேலே இழுபடுகிறது. டிக்சனும் ஜோலியும் 1894இல் முன்வைத்த விளக்கம் இது, இன்றும் நிற்கிறது. ஏற்றும் ஆற்றல் சூரியனுடையது; மரம் தன் சர்க்கரையை இதற்குச் செலவழிப்பதில்லை.

இதற்கு விலையும் உண்டு. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இலை வழியாக ஆவியாகிப் போகிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் தண்ணீர் போகும். பின்னால் வரும் பாலைச் செடிகளின் கதை முழுவதும் இந்த நெருக்கடியைப் பற்றியதுதான்.

காலையில புல் நுனியில நிக்கிற துளி பனிதானே?

சில நேரம் பனி, சில நேரம் இல்லை. இலை முழுவதும் பரவலாக இருந்தால் பனி. நுனியிலோ விளிம்பின் பற்களிலோ வரிசையாக ஒவ்வொரு துளி மட்டும் நின்றால், அது செடிக்குள்ளிருந்து வந்த நீர். இரவில் ஆவியாதல் குறைந்திருக்கும்போது வேர் தாதுக்களை உள்ளே சேர்க்க, கூடவே தண்ணீரும் புகுந்து, அந்த அழுத்தம் இலை நுனித் துளைகள் வழியே நீரைத் தள்ளுகிறது. குட்டையான செடிகளுக்கு இந்த வேரழுத்தம் போதும், உயர்ந்த மரத்துக்குப் போதாது.

மரப்பட்டையைச் சுத்தி உரிச்சா ஏன் செத்துப்போகுது? உள்ள கட்டை அப்படியே இருக்கே?

தண்ணீர் ஏறும் வழி கட்டையில் இருக்கிறது, ஆனால் சர்க்கரை இறங்கும் வழியான ஃப்ளோயம் பட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. வளையமாக உரித்தால் இலைகளுக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், வேருக்கு உணவு வராது. வேர் பட்டினியில் சாகும். பிறகுதான் மேலே வாடல் தெரியும். இதனால் சில மரங்கள் உரித்த பிறகும் பல மாதங்கள் பச்சையாகவே நிற்பதைப் பார்க்கலாம். உரித்த இடத்துக்கு மேல்பக்கம் உணவு தேங்கித் தடிப்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே மால்பிகி கவனித்திருந்தார்.

உள்ளே பொந்து விழுந்த முதுமரம் தழைப்பதும் இதே காரணத்தால்தான். நடுக்கட்டை பழைய, வேலை முடிந்த சைலம். உயிர் ஓடுவது வெளிப்பக்கத்து மெல்லிய வளையத்தில். அங்கே, கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்ற ஓர் அடுக்கு இருக்கிறது. அது உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்திலோ கடும் வறட்சியிலோ அது ஓய்ந்து மறுபடி தொடங்குவதால் ஆண்டு வளையம் விழுகிறது.

தென்னை, பனை, மூங்கில் ஆகியவை ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றில் இந்த அடுக்கு கிடையாது. குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் தென்னையில் ஆண்டு வளையம் தேடினால் கிடைக்காது.

மரத்துல பேர் செதுக்கினா, மரம் வளர வளர அது மேல போயிடுமா?

போகாது. தண்டு நீள்வது நுனிகளில் மட்டும். கீழே உள்ள பகுதி பருக்கும், உயராது. மார்பு உயரத்தில் செதுக்கியது நாற்பது ஆண்டு கழித்தும் மார்பு உயரத்தில்தான் இருக்கும், அகலமாகி உருக்குலைந்து போயிருக்கும். செதுக்கிய கத்தி ஃப்ளோயத்தை அறுக்கிறது என்பது முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குப் புரியும். தயவுசெய்து செதுக்க வேண்டாம்.

புல் இதில் வேறு வகை. அதன் இலை வளர்வது அடியிலிருந்து. மாடு மேலே மேய்ந்துவிட்டாலும் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கே, வேர்தானே?

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் அல்ல. உருளைக்கிழங்கு ஒரு தண்டு. அதன் மேல் உள்ள கண்கள் மொட்டுகள். மொட்டு, கணு, செதில் இலை ஆகியவை இருந்தால் அது தண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவுகோலின்படி இஞ்சியும் மஞ்சளும் தண்டுகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கேரட்டும் வேர்கள். வெங்காயத்தில் நாம் உரிப்பது உணவு சேர்த்துத் தடித்த இலையடிகளை. உண்மையான தண்டு அடியில் உள்ள சின்னத் தட்டு.

எல்லாம் ஒரே தேவைக்காக: மேலே உள்ள பகுதி காய்ந்து போனாலும் மண்ணுக்குள் உணவும் மொட்டும் பிழைத்திருந்தால் அடுத்த பருவத்தில் எழுந்துவிடலாம். வாழை இதில் அழகான எடுத்துக்காட்டு. நாம் மரம் என்று பார்ப்பது ஒன்றையொன்று சுற்றிய இலையடிகள். உண்மைத் தண்டு நிலத்துக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலத்தில் அதன் நுனி அந்த இலைச் சுருளுக்குள் ஏறி, உச்சியில் குலையாக வெளிவருகிறது.

பூசணியில பூ நிறைய வருது, பிஞ்சே பிடிக்கல. ஏன்?

முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை காய்க்காது, உதிரும். அது நோய் அல்ல. பெண் பூவை அடையாளம் காண்பது எளிது, இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி போல ஒரு சூலகம் இருக்கும். பெண் பூக்கள் வந்த பிறகும் பிஞ்சு வெம்பி விழுந்தால், தேனீ வரவில்லையா என்று பார்க்க வேண்டும்.

செம்பருத்தி போன்ற பல பூக்களில் மகரந்தமும் சூலகமும் ஒரே பூவில் உண்டு. பூசணியிலும் தென்னையிலும் ஆண் பூ, பெண் பூ தனித்தனி, ஆனால் ஒரே செடியில். பனையில் மரமே ஆண், பெண் என்று வேறு. பல ஆண்டு கழித்துப் பாளை விட்ட பிறகே எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியும். பப்பாளியில் ஆண், பெண், இருபாற்செடி மூன்றும் உண்டு.

மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒண்ணுதானே?

இல்லை, நடுவில் ஒரு பயணம் இருக்கிறது. மகரந்தத்தூள், பூவின் பெண் பகுதியின் நுனியான சூல்முடியில் வந்து விழுவது மகரந்தச் சேர்க்கை. அதன் பிறகு அந்தத் தூள் முளைத்து, ஒரு குழாயை விட்டு, சூல்தண்டைத் துளைத்துக்கொண்டு சூலைத் தேடிப் போக வேண்டும். மக்காச்சோளக் கதிரின் ஒவ்வொரு பட்டு இழையும் ஒரு சூல்தண்டு. சில இழைகளில் மகரந்தக் குழாய் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாக வேண்டும். வழியில் சூல்தண்டு சோதனையும் செய்கிறது. வேற்றினத் தூளாக இருந்தால், பல இனங்களில் தன் சொந்தத் தூளாக இருந்தாலும்கூட, குழாயை வளரவிடாமல் நிறுத்திவிடும்.

குழாய் கொண்டுவருவது ஓர் ஆண் செல்லை அல்ல, இரண்டை. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவில் உள்ள இரு உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் என்ற உணவுத் திசுவாகிறது. 1898இல் செர்கெய் நவாஷின் கண்டுபிடித்த இந்த இரட்டைக் கருவுறுதல் பூக்கும் தாவரங்களின் தனி முத்திரை. கரு உண்டான பிறகே அதற்கான உணவைச் சேர்க்கத் தொடங்குவதால் வீண்செலவு இல்லை. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் மணியில் பெரும்பகுதி இந்தக் கருவூண்தான். மனித இனத்தின் பசியில் பெரும்பங்கை ஆற்றுவது, ஒரு கருவுக்கென்று சேர்த்து வைத்த உணவு.

தேங்காய்க்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?

மேலே சொன்ன கருவூண்தான் அது. பெரும்பாலான விதைகளில் கருவூணின் உட்கரு பிரியும்போது, விரைவிலேயே செல் சுவர்களும் உண்டாகிவிடும். தென்னையில் உட்கருக்கள் மட்டும் பிரிந்துகொண்டே போக, சுவர் எழும்புவது தாமதிக்கும். அதனால் இளநீர் என்பது திரவ நிலையில் உள்ள கருவூண். பிறகு ஓட்டின் உட்பக்கத்தில் செல்கள் படியத் தொடங்கி வழுக்கையாகி, முற்றித் தேங்காய்ப் பருப்பாகும்.

ஓட்டில் உள்ள மூன்று கண்கள் பூவின் மூன்று சூலக இலைகளின் அடையாளம். வழக்கமாக ஒரு சூல் மட்டும் விதையாவதால் ஒரு கண் மட்டும் மெல்லியதாக இருக்கும். கரு அதற்கு நேர்கீழே படுத்திருக்கும். முளைத்த தேங்காய்க்குள் காணும் பஞ்சு போன்ற தேங்காய்ப்பூ, கருவின் வித்திலை பெருத்து உண்டான உறிஞ்சும் உறுப்பு.

அத்தி பூத்தாற்போலன்னு சொல்றோமே, அத்தி பூக்குமா?

அடிக்கடி பூக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அத்திக்காய் என்று நாம் காண்பது உள்பக்கமாகக் குழிந்த ஒரு பூங்கொத்து. உள்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள். ஆல், அரசு ஆகியவற்றிலும் இதே அமைப்புத்தான்.

மகரந்தம் உள்ளே போக நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதற்கென்றே உள்ள குளவி, இரண்டொரு மில்லிமீட்டர் நீளமே உள்ளது, அந்தத் துளையை நெருக்கிக்கொண்டு நுழையும். நுழையும்போது பெரும்பாலும் இறகை இழக்கும். உடலில் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு அங்கேயே இறக்கும். முட்டை பட்ட பூ குஞ்சை வளர்க்கும், மற்றது விதையாகும். பொரிந்த ஆண் குளவிகளுக்கு இறகு கிடையாது. பெண்களோடு சேர்ந்து, அவை வெளியேறப் பாதை குடைந்துவிட்டுச் சாகும். பெண்கள் மகரந்தத்தோடு அடுத்த மரம் தேடிப் பறக்கும். பெரும்பாலான அத்தி இனங்களுக்குத் தனித்தனிக் குளவி இனம் உண்டு. ஒன்று அழிந்தால் மற்றதற்கு விதை வழி இல்லை. பயிரிடும் அத்தியில் குளவி இல்லாமலே பழுக்கும் வகைகளும் உண்டு.

விதையில்லாத பழம் எப்படி வருது? அப்புறம் அந்த மரம் எப்படிப் பெருகும்?

வாழைப்பழத்தில் கருவுறாமலே சூலகம் கனியாகிறது. பயிரிடும் பெரும்பாலான வாழைகளுக்கு மூன்று தொகுதி குரோமோசோம்கள். அவை சரிபாதியாகப் பிரிய முடியாததால் விதை உருவாவதில்லை. விதையில்லாத் திராட்சையில் பெரும்பாலும் நடப்பது வேறு: கருவுறுதல் நடக்கும், விதை பாதியில் வளர்ச்சி நின்றுபோகும்.

இவை பெருகுவது கன்று, கிளைத்துண்டு, ஒட்டு ஆகியவற்றால். அப்படி வந்ததெல்லாம் மரபு வழியில் ஒரே செடிதான். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலக ஏற்றுமதியை ஆண்ட குரோஸ் மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் வீழ்த்தியது. அதன் இடத்துக்கு வந்த காவெண்டிஷ் வகையையும் அதே பூஞ்சையின் இன்னொரு வகை இப்போது தாக்குகிறது. ஒன்றைச் சாய்க்கும் நோய் அத்தனையையும் சாய்க்கும். விதை வழிப் பெருக்கம் எவ்வளவு செலவு பிடித்தாலும் இயற்கை அதைக் கைவிடாததற்கு இது நல்ல விளக்கம்.

நல்ல ருசியான மாம்பழத்தோட கொட்டையைப் போட்டா அதே பழம் கிடைக்குமா?

பல வகைகளில் கிடைக்காது. கொட்டைக்குள் இருக்கும் கரு தாய், தந்தை இரண்டின் கலப்பு. அதே பழம் வேண்டுமானால் ஒட்டுக்கட்ட வேண்டும். அப்போது இரண்டு துண்டுகளின் கேம்பியமும் ஒன்றோடொன்று பொருந்துவது முக்கியம். ஆனால் சில மா வகைகளின் கொட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட கன்றுகள் முளைக்கும். அவற்றில் பல, கருவுறுதல் இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டானவை. அவை தாயைப் போலவே காய்க்கும்.

பெரணிக்கும் பாசிக்கும் விதை எங்கே?

கிடையாது. பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை, ஸ்போர் எனும் நுண்தூள் நிறைந்த பைகள். ஸ்போர் விழுந்த இடத்தில் நேராகப் பெரணி வராது. நகத்தளவு தட்டையான ஒரு தனிச்செடி முளைக்கும். அதில்தான் ஆண், பெண் செல்கள் உண்டாகும். ஆண் செல் தண்ணீரில் நீந்திப் போய்ச் சேர வேண்டும். ஈரமான இடங்களை இவை பெரிதும் நாடுவதற்கு இது முக்கியக் காரணம். மகரந்தக் குழாய் வந்த பிறகு, ஆண் செல் போய்ச் சேர வெளித் தண்ணீர் வேண்டும் என்ற கட்டு விதைத் தாவரங்களுக்குப் பெரும்பாலும் நீங்கியது.

காளான் இந்தப் பட்டியலில் சேராது. அது தாவரமே அல்ல. உணவை ஆக்கத் தெரியாது, செல் சுவர் கைட்டினால் ஆனது. உறவுமுறையில் பூஞ்சைகள் நமக்கு நெருக்கம், செடிகளுக்குத் தூரம்.

விதை எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

இனத்தைப் பொறுத்தது. மா, பலா, ரப்பர் விதைகள் காய்ந்தாலே செத்துவிடும். மறுமுனையில், சீனாவில் ஓர் ஏரிப்படுகையிலிருந்து எடுத்த சுமார் 1,300 ஆண்டுப் பழமையான தாமரை விதை முளைத்திருக்கிறது. இஸ்ரேலில் உள்ள மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை 2005இல் முளைவிட்டது. உலர்ந்த விதையில் உயிர்வேலை ஏறக்குறைய நின்றுபோய் இருப்பதால் இது முடிகிறது.

முளைக்க வேண்டியவை தண்ணீர், ஆக்சிஜன், ஏற்ற வெப்பம். வெளிச்சம் பெரும்பாலும் தேவையில்லை. லெட்யூஸ் போன்ற மிகச் சிறிய விதைகள் சிலவற்றுக்குத் தேவை. மிகச் சிறிய விதை ஆழத்தில் முளைத்தால் மேலே வரும் வரை அதன் உணவு தாங்காது.

விதையைத் தலைகீழா நட்டாலும் வேர் கீழதான் போகுது. எப்படித் தெரியுது?

வேர் நுனியின் உறைச் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன. அவை எந்தப் பக்கம் அடியில் தங்குகின்றனவோ அதுதான் கீழ். 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் விதைகளைச் சுழலும் சக்கரத்தில் கட்டி வளர்த்தபோது, வேர்கள் சக்கரத்துக்கு வெளிப்புறமாகவும் தண்டுகள் நடுவை நோக்கியும் வளர்ந்தன. செடி உணர்வது விசையை என்று அதிலிருந்து தெளிவானது.

உணர்ந்த பிறகு வளைவது ஆக்சின் என்ற ஹார்மோனால். ஒரு பக்கம் அது கூடினால் தண்டில் அந்தப் பக்கம் வேகமாக நீளும். வேரில் நேர்மாறாக வளர்ச்சி தடைப்படும். வெளிச்சத்தை நோக்கித் தண்டு சாய்வதும் இதே வழியில்தான். இளஞ்சூரியகாந்தி பகலில் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்புவதும், தண்டின் இரு பக்கமும் மாறி மாறி நீள்வதால். வளர்ச்சி நின்ற முதிர்ந்த பூ திரும்பாது, கிழக்கு நோக்கி நின்றுவிடும்.

முள்ளுன்னா எல்லாம் ஒண்ணுதானே?

வேலை ஒன்று, பிறப்பு வேறு. போகன்வில்லா முள் ஒரு கிளை. சப்பாத்திக்கள்ளியின் முள் ஓர் இலை. ரோஜா முள் வெறும் மேல்தோல் புடைப்பு. பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாகக் கழன்று வருவதும் அதனால்தான்.

சதுரக்கள்ளியும் கள்ளி, சப்பாத்திக்கள்ளியும் கள்ளி என்றாலும் இரண்டும் உறவு அல்ல. முதலாவது ஆமணக்குக் குடும்பம், உடைத்தால் பால் வடியும். இரண்டாவது கேக்டஸ் குடும்பம். அதன் இனங்கள் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. தண்ணீர் இல்லாத நிலத்தில் இலையைக் கைவிட்டு, தண்டையே பச்சையாக்கி, நீரைத் தேக்கி, முள்ளால் காப்பது என்ற ஒரே தீர்வுக்கு இரண்டும் தனித்தனியே வந்து சேர்ந்தன.

பாம்புச் செடி ராத்திரியில ஆக்சிஜன் விடுமாமே, படுக்கையறையில வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அந்தக் காரணத்துக்காக அல்ல. ஆக்சிஜன் உண்டாவது ஒளியால் தண்ணீர் பிளக்கும்போது என்று முன்பே பார்த்தோம். இருட்டில் எந்தச் செடியும் அதைச் செய்யாது.

குழப்பத்துக்குக் காரணம் உண்மையான ஒரு திறமை. பாம்புச் செடி, கேக்டஸ், அன்னாசி, ரணகள்ளி முதலியவை பகல் வெயிலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீரை இழந்துவிடும். ஆகவே இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை விடுவித்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் மாலைக்குள் சுவையற்றுப் போவதையும் பெஞ்சமின் ஹெய்ன் 1815இலேயே எழுதியிருக்கிறார். இரவில் வாங்குவது கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் தருவது பகலில்தான்.

உப்புத் தண்ணியில நின்னா செடி செத்துடும். அலையாத்திக் காடு மட்டும் எப்படி?

அங்கே உப்பு ஒரு சிக்கல், காற்றில்லாச் சேறு இன்னொரு சிக்கல். ரைசோஃபோரா என்ற அலையாத்தி மரத்தின் வேர், உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வடிகட்டுகிறது. அவிசீனியா என்ற இன்னொரு அலையாத்தி மரம், உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. உலர்ந்த நாளில் இலைமேல் உப்புப் படிகங்களைக் காணலாம். வேரும் சுவாசிக்க வேண்டும் என்பதால், அவிசீனியாவின் சுவாச வேர்கள் சேற்றுக்கு மேலே செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும்.

ரைசோஃபோரா விதை, மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட கோல் போன்ற நாற்றாகி, பிறகுதான் விழும். சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர்விடும். அலை அடித்துச் சென்றால் மிதந்து போய் வேறு கரையில் பிடித்துக்கொள்ளும்.

பூச்சி தின்னும் செடிக்கு ஒளிச்சேர்க்கை வேண்டாமா? மரத்து மேல வளர்ற செடியெல்லாம் ஒட்டுண்ணியா?

பூச்சி தின்னும் செடிக்கும் ஒளிச்சேர்க்கை வேண்டும்; மரத்து மேல் வளர்வதெல்லாம் ஒட்டுண்ணியும் அல்ல. குடுவைச் செடியும் பச்சையாகத்தான் இருக்கிறது, சர்க்கரையைத் தானே ஆக்குகிறது. அது வளரும் நிலத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. அதைப் பூச்சியிலிருந்து எடுக்கிறது.

மரத்தின் மேல் வாழும் ஆர்க்கிட் பெரும்பாலும் இடத்தை மட்டும் பயன்படுத்துகிறது. புல்லுருவி மரத்தின் சைலத்துக்குள் வேரைச் செலுத்தித் தண்ணீரும் தாதுக்களும் எடுக்கும், பச்சை இலையால் உணவைத் தானே ஆக்கும். கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியோ பச்சையத்தை ஏறக்குறைய முழுவதும் இழந்து, ஃப்ளோயத்திலிருந்து சர்க்கரையையும் உறிஞ்சும்.

தொட்டாற்சிணுங்கி சுருங்குதே, அப்போ செடிக்கு வலிக்குமா?

சுருங்குவது இலைக்காம்பின் அடியில் உள்ள சின்னப் புடைப்பில் நடக்கும் நீர்மாற்றம். தொட்டதும் மின்சைகை ஓடும். அங்குள்ள செல்கள் பொட்டாசியத்தை வெளியேற்ற, தண்ணீரும் கூடவே போய், இலை தொய்யும். இத்தகைய மின்சைகைகளை ஜகதீஷ் சந்திர போஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்தார். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கம்பளிப்புழு கடித்த இலையிலிருந்து கால்சியம் அலை ஒன்று மற்ற இலைகளுக்குப் பரவுவதும், அதைத் தூண்டுவது குளுட்டமேட் என்பதும் ஒளிரும் படமாகவே காட்டப்பட்டது. நம் நரம்புகளிலும் குளுட்டமேட் சைகை தருகிறது.

ஆனால் சைகை வேறு, வலி வேறு. வலியை உணர நரம்பு மண்டலமும் அதைத் தொகுத்தறியும் மூளையும் வேண்டும். செடிக்கு இரண்டும் இல்லை. ஓட முடிகிற உயிருக்கு வலி ஓடச் சொல்கிறது. ஓட முடியாத செடிக்கு வேண்டியது, கடிபடாத இலைகளில் கசப்பையும் நஞ்சையும் கூட்டச் சொல்லும் செய்தி. அதைத்தான் அந்தச் சைகை செய்கிறது.

செடி தானே யோசிச்சு மாறிக்குதா? ஒரு மல்லிகையைப் பாலைவனத்துல வச்சா முள் வந்துடுமா?

வராது, வாடிப்போகும். ஒரு செடி தன் வாழ்நாளில் ஓரளவு தன்னை மாற்றிக்கொள்ளும். நிழலில் வளர்ந்த இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும், அதே மரத்தின் வெயில் பக்கத்து இலை சிறிதாகவும் தடிப்பாகவும் இருக்கும். அந்த எல்லைகள் அதன் மரபணுவில் எழுதப்பட்டவை.

கள்ளிக்கு முள் வந்தது வேறு வழியில். ஒவ்வொரு தலைமுறை விதையிலும் சிறு வேறுபாடுகள் இருக்கும், முன்பு சொன்ன தாய் தந்தைக் கலப்பால் ஓரளவு, மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றத்தால் ஓரளவு. வறண்ட நிலத்தில் சற்றே சிறிய இலை கொண்டவை கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாக விதை விட்டன. இப்படி எண்ணற்ற தலைமுறைகள் கழிந்தபோது இலை முள்ளாகியிருந்தது. எந்தத் தனிச்செடியும் முள் வேண்டும் என்று தீர்மானிக்கவில்லை. அதனால்தான் ஒரு கேக்டஸை ஈரமான தோட்டத்தில் வைத்து நிறையத் தண்ணீர் ஊற்றினாலும் அதன் முட்கள் மீண்டும் அகன்ற இலைகளாக மாறுவதில்லை. பெரும்பாலும் அதன் வேர்தான் அழுகுகிறது.